பச்சை மூடி

பீப்பாயா பாட்டிலா என்று
இசோபெல் கேட்டபோது
கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது.
கராஜில் அறுபது லிட்டர் பீர்
மூன்று பெரிய வாளிகளில்
தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

பீப்பாய்தான், என்றேன். மூன்றைக் கழுவினால் போதும்.
பாட்டில் என்றால் நூற்று எண்பது.
ஒவ்வொன்றின் கழுத்துக்குள்ளும் பிரஷ் விட்டு,
பழைய லேபிளை ஊறவைத்துச் சுரண்டி,
ஆளுக்கொரு சர்க்கரை வில்லை போட்டு,
இரண்டு கைப்பிடியையும் சேர்த்து அழுத்தி
மூடி அறைய வேண்டும்.
அறைந்தபின் மூன்று வாரம் நம்ப வேண்டும்.

மாப்பிள்ளை ராவிரியும் என் கட்சி.
மூலையில் ஒரு குழாய் வைத்துவிடு,
வேண்டியவர்கள் வந்து பிடித்துக்கொள்ளட்டும்.
இடமும் லேசுப்பட்டதல்ல,
நேஸ்பிக்கு மேலே, ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கொட்டகை.
பதினான்கு கிலோமீட்டர் சரளைப் பாதை.
பாட்டில் அடியில் படிந்த ஈஸ்ட் அத்தனையும்
அந்தக் குலுக்கலில் எழுந்து உட்கார்ந்துவிடும்.

இசோபெல் எதையும் மறுக்கவில்லை.
"குழாயடியில் வரிசை நிற்கும்," என்றாள்.
"வரிசையில் நிற்காதவர் தெரிவார்."
பிறகு எழுந்துபோய் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

அப்பா என் கராஜுக்குள் வருவதில்லை.
ஆறு வருடம் நான்கு மாதமாக
வாசலில் நின்றபடியே
காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.
அவர் குடியை விட்ட அதே குளிர்காலத்தில்தான்
நான் காய்ச்சத் தொடங்கினேன்.
வீட்டில் இந்த இரண்டையும்
ஒரே வாக்கியத்தில் யாரும் சொன்னதில்லை.

நூற்று எண்பது பாட்டில் கழுவினேன்.
ரக்பி கிளப்பின் பின்கட்டிலிருந்து
சாக்குச் சாக்காக வாங்கிவந்தவை,
ஒன்றில் யாரோ சிகரெட்டை அணைத்திருந்தார்கள்.
நடுராத்திரியில் ஒன்று வெடித்தது.
நாய் இரண்டு நாள் என்னை நம்பவில்லை.

வாங்கிவிட்ட பீப்பாயை என்ன செய்ய?
இஞ்சியும் எலுமிச்சையும் கொதிக்கவைத்து ஆற்றி
அதில் ஊற்றினேன். நொதிக்க விடவில்லை,
வாயு மட்டும் ஏற்றினேன்.
நிறத்துக்குக் கொஞ்சம் கருக்கிய சர்க்கரை.
ஹாப்ஸ் போடலாமா என்று கை நீண்டது.
வேண்டாம், அந்தக் கசப்பு
அவரைப் பேர்சொல்லிக் கூப்பிடக் கூடாது.
இருபத்துநான்கு பாட்டில் நிறைந்தது.
பீருக்குத் தங்க மூடி, இதற்குப் பச்சை.

கொட்டகையில், வயலில் ஆடுகள் தண்ணீர் குடிக்கும்
பழைய குளியல் தொட்டியைத் தேய்த்து
ஐஸ் நிரப்பி எல்லாவற்றையும் புதைத்தோம்.
"பச்சை இஞ்சி" என்று பலகையில் சாக்பீஸால் எழுதியதோடு சரி.
முதல் பச்சையை எடுத்தவள்
ஏழு மாத வயிற்றோடு வந்த ராவிரியின் தங்கை.
அடுத்து பஸ் ஓட்டிவந்தவர்.
பிறகு பையன்கள், பெரிய மனுஷர்கள் மாதிரி
பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

ராவிரியின் அத்தை எழுந்து பேசினாள்,
அழுதாள், சிரித்தாள், உயர்த்துங்கள் என்றாள்.
நூறு கை எழுந்தது.
கம்பளி எண்ணெய் ஊறிய தூண் பக்கம்
அப்பாவின் கையும்.

மூடி கழன்றுவிட்டால்
எல்லாம் ஒரே பழுப்புக் கண்ணாடிதான்.
அதற்காகத்தானே இத்தனையும்.
யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.
என்னாலும்.

அவர் குடித்து முடிக்கும்வரை
நான் இசோபெல்லைப் பார்க்கவில்லை.
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று
புகைப்படத்தில் இருக்கிறது.

மறுநாள் தரையைக் கூட்டும்போது
பச்சை மூடிகளை எண்ணத் தொடங்கினேன்.
பதினொன்றோடு நிறுத்திவிட்டேன்.
துடைப்பத்துக்கு அது வேலையல்ல.

செவ்வாய்க்கிழமை அப்பா வந்தார்.
காலிப் பாட்டில் பெட்டிகளை வாசலில் இறக்கினார்.
உள்ளே வரவில்லை.
இடுப்பில் கைவைத்து மலையைப் பார்த்து நின்றார்.
"காற்று வடமேற்கு," என்றார்.
காரின் கதவைத் திறந்துகொண்டே,
"இஞ்சி கொஞ்சம் தூக்கல்."